எல்லையோர இளம்பெண்களும் தொழிற்கல்வி உதவித்தொகையும்: பாலக்காடு, இடுக்கி வட்டாரங்களில் தன்னார்வப் பணியின் இடம்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத கேரள மாவட்டங்கள். நடுவே திருச்சூர் மாவட்டத்துக் காடுகளும் தமிழ்நாட்டின் வால்பாறையும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பேச வைப்பது அவற்றின் கிழக்கு எல்லை. பாலக்காட்டில் அட்டப்பாடி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை, பரம்பிக்குளம். இடுக்கியில் மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, பூப்பாறை, உடும்பஞ்சோலை, குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு. தமிழோ, தமிழுக்கு நெருங்கிய பழங்குடி மொழியோ வீட்டில் பேசும் குடும்பங்கள் இந்த ஊர்களில் ஏராளம். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பம் என்று கிழக்கே இறங்குவது வழக்கம். ரேஷன் கார்டும் பள்ளிக்கூடமும் சான்றிதழும் கேரளத்தைச் சேர்ந்தவை. இங்கே பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்த ஒரு பெண் தொழில் கற்கப் போக வேண்டுமானால் பணம் யார் தருகிறார்கள், எந்த நிபந்தனையில் தருகிறார்கள், சம்பளம் வாங்காமல் உழைக்கும் தன்னார்வலர்கள் அதில் செய்யக்கூடியது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்த எல்லைக்கு வயது அதிகமில்லை. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழர் பகுதியென்று கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேயிலை மலைகள் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது, சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில். மாவட்டங்களே பின்னால் உருவானவை: பாலக்காடு 1957இல், இடுக்கி 1972இல். கங்காணிகள் திரட்டிக் கூட்டிவந்த தென்மாவட்டத் தொழிலாளர்களின் மூன்றாம் நான்காம் தலைமுறை இன்று மூணாறு, பீருமேடு தோட்டக் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் வாழ்கிறது. சித்தூர்ப் பக்கத்தில் ‘பதி’ என்று முடியும் ஊர்களில் விவசாயமும் கூலியும். அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர், பரம்பிக்குளத்தில் காடர், மலசர், இடமலைக்குடியில் முதுவர். கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக இடமலைக்குடி 2010இல் அமைக்கப்பட்டது.

தோட்டப் பகுதியில் கல்வி எப்படித் திட்டமிடப்பட்டது என்பதற்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒரு சாட்சி. ஐம்பது பெண் தொழிலாளர் இருந்தால் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது அச்சட்டம். தொழிலாளர் வீடுகளில் 6 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்து தர முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசு விதி இயற்றலாம் என்றும் சொன்னது. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்ன என்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. கொழுந்து பறிக்கப் போகும் வயதை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் என்று சொன்னால் மிகையாகாது. குடியிருப்பும் வேலையோடு கட்டுண்டது. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஆகவே, வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்ற நெருக்கடி பல குடும்பங்களில் மகள்மேல்தான் வந்து விழுகிறது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டுத் தாங்களே தெருவில் இறங்கியபோது, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது. குறைக்கப்பட்டிருந்த போனசை மீண்டும் 20 சதவீதமாக ஆக்கவைத்தார்கள். அன்று 232 ரூபாயாக இருந்த தினக்கூலி, மாநிலம் தழுவிய பேச்சுவார்த்தைக்குப் பின் அக்டோபரில் 301 ரூபாய் ஆனது. அவர்கள் கேட்டது 500. 301 ரூபாய்க் கூலியில் மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வேலை கிடைத்தால்கூட அது ஏழாயிரத்து ஐந்நூற்றைச் சுற்றி நின்ற வருமானம். ஒரு மகளை வெளியூர் விடுதியில் வைத்துப் படிக்கவைக்கும் செலவை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரச்சினையின் அளவு விளங்கும். பீருமேட்டில் 2000ஆம் ஆண்டையொட்டிப் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது அந்தக் கூலியும் இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு.

கட்டணத்துக்கு அப்பால் உள்ள செலவு

தொழிற்கல்வி உதவி என்றதும் நன்கொடையாளர் மனத்தில் முதலில் வருவது கல்விக் கட்டணம். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தை, அதாவது ஐ.டி.ஐ.யைப் பொறுத்தவரை இது தவறான இடத்தில் கைவைப்பது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் அரசு ஐ.டி.ஐ.களில் கட்டணம் மிகக் குறைவு. கணினி இயக்குநர், தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகள் ஓராண்டு. எலக்ட்ரீஷியன், பிட்டர், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், சிவில் டிராப்ட்ஸ்மேன் போன்றவை இரண்டாண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவருக்கு இவற்றில் பெரும்பாலானவை திறந்தே இருக்கின்றன. கேரளத்தில் 1983-84இல் அறிமுகமான தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகள் பிளஸ் டூவோடு ஒரு தொழிலையும் சேர்த்துக் கற்பிக்கின்றன. 2024 நவம்பரில் ஐ.டி.ஐ. மாணவியருக்கு மாதம் இரண்டு நாள் மாதவிடாய் விடுப்பு அறிவித்த மாநிலம் இது. நிறுவனங்கள் பெண்களுக்குக் கதவை மூடி வைத்திருக்கவில்லை.

செலவு வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது தூரம். பரம்பிக்குளம் கேரளத்தின் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கிருந்து வண்டியில் முதலமடைக்கு வர வேண்டுமானால் டாப்சிலிப், சேத்துமடை, ஆனைமலை வழியாகத் தமிழ்நாட்டில் இறங்கி, பொள்ளாச்சிப் பக்கமாகச் சுற்றி மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். தன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க இரண்டு மாநில வனத்துறைச் சோதனைச் சாவடிகளைத் தாண்டும் பெண், தினமும் போய்வந்து எந்தத் தொழிலையும் கற்க முடியாது. அவளுக்கு விடுதி இல்லாமல் உதவித்தொகை என்பது வெறும் காகிதம். அட்டப்பாடி அகளியிலிருந்து மண்ணார்க்காடு போக மலைப்பாதை இறங்க வேண்டும்; மறுபக்கம் ஆனைகட்டி வழியாகக் கோவை. வட்டவடையிலிருந்தும் காந்தளூரிலிருந்தும் மூணாறோ உடுமலையோ போவதற்குள் பாதி நாள் போய்விடும்.

இரண்டாவது, தொடக்கச் செலவு. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் சீருடை, கருவிப் பெட்டி, விடுதி முன்பணம், போர்வை, செருப்பு, கைபேசி ரீசார்ஜ் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. அரசு உதவித்தொகை வந்துசேர்வது அதற்குப் பிறகு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்குக் கேரளம் இ-கிராண்ட்ஸ் என்ற இணைய முறையில் தரும் தொகை தாமதமாகிறது என்று மாணவர் அமைப்புகள் பலமுறை போராடியிருக்கின்றன. தாமதமானாலும் வரும் பணம் அது. ஆனால் முதல் மாத விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் வீடு திரும்பியவள், பணம் வரும்போது பட்டியலில் இருக்கமாட்டாள்.

மூன்றாவது, இழக்கும் கூலி. ஏலத்தோட்டத்திலோ தேயிலையிலோ தற்காலிக வேலைக்குப் போனால் அன்றன்றைக்குக் காசு. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் நூற்பாலைகள் நீண்ட காலம் நடத்திய ‘சுமங்கலி’ முறை இதைவிடக் கவர்ச்சியானது. விடுதி, சாப்பாடு, மூன்றாண்டு முடிந்ததும் கல்யாணத்துக்கென ஒரு மொத்தத் தொகை. அதன் கொடுமைகளை 2011ஐ ஒட்டி வெளிவந்த ஆய்வறிக்கைகள் விரிவாகப் பதிவு செய்தன. கிராமத்துப் பெற்றோரின் மூன்று கவலைகளுக்கு, அதாவது தங்க இடம், பாதுகாப்பு, சீர்வரிசை ஆகியவற்றுக்கு, ஆலைக்கு ஆள்பிடிக்க வரும் ஏஜென்ட் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறான் என்பது அம்முறை பரவியதன் ரகசியம். உதவித்தொகை நடத்துவோர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்காவிட்டால் தோற்பார்கள்.

டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் புஷ்கர் மைத்ரா, சுபா மணி ஆகிய பொருளியலாளர்கள் செய்த ஆய்வு இங்கே பொருந்தும். பெண்களுக்கான ஆறு மாதத் தையல் பயிற்சியில் சேர்க்கப்பட்டவர்களையும் குலுக்கலில் விடுபட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பயிற்சி முடிந்து பதினெட்டு மாதங்களுக்குப் பின்னும் சேர்ந்தவர்களின் வேலைவாய்ப்பும் வருமானமும் கூடுதலாக இருந்தன. பாதியில் நின்றவர்களை நிறுத்திய காரணங்களாக அவர்கள் கண்டவை மையத்தின் தூரம், கைமாற்றுக்குக்கூட வழியின்மை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை. பெருநகரிலேயே தூரம் இப்படித் தடுக்கிறதென்றால் ஆனமுடிச் சாரலில் கேட்க வேண்டியதில்லை. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 32 சதவீதம் அதிகரித்ததாகக் கார்த்திக் முரளீதரனும் நிஷித் பிரகாஷும் கணக்கிட்டார்கள். மலையில் சைக்கிள் உதவாது. விடுதியும் ஜீப் கட்டணமும்தான் இங்கே சைக்கிள்.

சான்றிதழும் மொழியும்

எல்லையோரத்துக்கே உரிய தடைகள் இரண்டு. வெளியூர் நன்கொடையாளர் எவருக்கும் இவை தானாகத் தோன்றுவதில்லை.

பட்டியல் சாதிகள் மாநிலவாரியாக அறிவிக்கப்பட்டவை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பின் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், போன இடத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதி செய்தது. தோட்டக் குடும்பங்களுக்கு இதன் பொருள், தாத்தா எப்போது மலையேறினார் என்பதற்குப் பத்திரம் காட்ட வேண்டும் என்பது. பழைய எஸ்டேட் பதிவேட்டில் ஒரு பெயர், ஒரு கல்லறை, ஒரு ரேஷன் அட்டை என்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. இது ஏழைப் பெண்களின் சிக்கல் மட்டுமன்று என்பதைத் தேவிகுளம் தனித்தொகுதி வழக்கு காட்டியது. 2021இல் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அவர் பதவியை நிலைநிறுத்தியது. வழக்கின் மையம் மதமாற்றக் கேள்வி என்றாலும், அவருடைய முன்னோர் 1950க்கு முன்பே வந்தவர்களா என்பதும் அதில் அலசப்பட்டது. வழக்கறிஞரை அமர்த்த முடிந்த ஒருவருக்கே நான்காண்டு பிடித்த கேள்வியை, ஐ.டி.ஐ. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் தீர்த்துக்கொண்டு வரும்படி பதினாறு வயதுப் பெண்ணிடம் சொல்கிறது நிர்வாகம்.

மறுபக்கத்துக் கதவும் பாதிதான் திறக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பட்டயப் படிப்பும் ஐ.டி.ஐ.யும் அதில் அடங்கும். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் விரிந்தது. பள்ளி தமிழ்நாட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே சிக்கல். கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாற்றிலோ தமிழ்வழியில் படித்துவிட்டுக் கோவை ஐ.டி.ஐ.யில் சேரும் பெண் அதே வகுப்பில் உட்காருவாள், அதே பேருந்தில் வருவாள், அந்த ஆயிரம் ரூபாய் மட்டும் அவளுக்குக் கிடையாது. கேரள அரசு 2025 அக்டோபரில் திறன் பயிற்சி பெறுவோருக்கென அறிவித்த மாதம் 1,000 ரூபாய் உதவி பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கானது. பத்தாம் வகுப்பு முடித்ததும் வரும் இரண்டு ஆண்டுகள், அதாவது பெண்ணைப் படிப்பிலிருந்து கழற்றிவிடும் ஆண்டுகள், இந்த எல்லையோரப் பெண்ணுக்கு இரண்டு திட்டத்துக்கும் வெளியே நிற்கின்றன. மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமியத் திறன் திட்டம் 2014இல் தொடங்கியது. 15 முதல் 35 வயதுவரை சேர்க்கும் இதைக் கேரளத்தில் மாநில அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ நடத்துகிறது. விடுதியோடு கூடிய குறுகிய காலப் பயிற்சி, முடிந்ததும் வேலை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேலை பெரும்பாலும் நகரங்களில். ஊரைவிட்டு அனுப்பச் சம்மதிக்காத குடும்பத்துக்கு அது எட்டாது.

மொழி இன்னும் நுணுக்கமான தடை. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. அரசு இணையச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்துத் திரையில் வருவதோ மலையாளமும் ஆங்கிலமும். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்தவள் கட்டப்பனை ஐ.டி.ஐ. போன்ற ஒன்றில் சேர்ந்தால் பணிமனையில் கைவேலை புரிந்துவிடும்; ‘டிரேட் தியரி’ வகுப்பில்தான் தடுமாற்றம். இதற்கு ஓர் எளிய மருந்து சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. ஜெர்மன் உதவியோடு 1986இல் நிறுவப்பட்ட தேசியப் பயிற்று ஊடக நிறுவனம், ‘நிமி’, ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளுக்கான பாடநூல்களைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. எலக்ட்ரீஷியன், பிட்டர் போன்ற பிரிவுகளுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. ஒரு பக்கம் படம், அடியில் செயல்முறை, பக்கவாட்டில் கருவியின் பெயர் என்று பாடம் ஒழுங்காக வரும். கேரள ஐ.டி.ஐ.யில் மலையாளத்தில் கேட்ட பாடத்தை இரவில் அந்தத் தமிழ் நூலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு வழி செய்வது சில நூறு ரூபாய்ச் செலவு. இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். தன்னார்வலரின் இடம் இங்கேதான் தொடங்குகிறது.

தன்னார்வலர் செய்த காரியங்கள்

கிராமப் பெண்ணுக்குத் தொழில் கற்றுத்தரப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது நம் பக்கத்தில் புதிதன்று. கஸ்தூரிபா 1944 பிப்ரவரியில் மறைந்தபின் 75 லட்சம் ரூபாய் இலக்காக வைத்துத் திரட்டிய நிதி ஒரு கோடியைத் தாண்டியது. அது கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவாக வேண்டும் என்று காந்தி வற்புறுத்தினார். அந்த அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பேற்ற டாக்டர் டி.எஸ். சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். கிராம சேவிகைகளையும் சுகாதாரப் பணியாளர்களையும் பயிற்றுவித்த அந்த நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர் தமிழ்ப் பெண், மற்றவர் கேரளத்துக்காரர் என்பது நம் எல்லைக்கதைக்கு ஒரு நல்ல முன்னுரை.

அட்டப்பாடியில் நடந்த ‘கார்த்தும்பி’ குடை முயற்சி இன்னும் கிட்டத்து உதாரணம். 2010களின் நடுவில் ‘தம்பு’ என்ற பழங்குடி அமைப்பு, சமூக வலைத்தளத்தில் கூடிய ‘பீஸ் கலெக்டிவ்’ என்ற தன்னார்வக் குழுவின் துணையோடு ஊர்களில் உள்ள பெண்களுக்குக் குடை செய்யக் கற்றுக்கொடுத்தது. குடை என்பது பார்வைக்கு எளிது. எட்டுத் துண்டுத் துணியை ஒன்றாகத் தைத்து, கம்பிகளின் நுனியில் ஒவ்வொன்றாக ஊசியால் பிணைத்து, விரிக்கும்போது எந்தப் பக்கமும் இழுக்காமல் இருக்கச் செய்வதில் கை பழக வேண்டும். பயிற்சிக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. சந்தையைக் கேரளத்து ஐ.டி. பூங்காக்களின் ஊழியர்கள் தேடித் தந்தார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் அலுவலகங்களில் ஆர்டர் எடுத்து விற்றவர்கள் அவர்கள். 2024 ஜூன் 30 அன்று பிரதமர் தம் ‘மன் கீ பாத்’ வானொலி உரையில், வட்டலக்கி கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தின் மேற்பார்வையில் இயங்கும் இந்தப் பெண்களைக் குறிப்பிட்டார். இங்கே தன்னார்வலர் தந்தது காசோலையாக ஒருமுறை கைமாறிய தொகை அன்று. பயிற்சிச் செலவு, மூலப்பொருள், விற்பனை மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்த்தார்கள். மூன்றில் எது அறுந்தாலும் குடை மூலையில் கிடந்திருக்கும். குறையும் உண்டு: மழைக்காலத்தை நம்பிய தொழிலில் வருமானம் ஆண்டு முழுக்க ஒரே சீராக வராது. குடை தைப்பது ஒரு குடும்பத்தைத் தாங்கும் துணை வருமானம். பதினேழு வயதுப் பெண்ணின் வாழ்நாள் தொழிலாக அதை முன்வைப்பது நியாயமாகாது.

மூணாற்றில் தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் 1991இல் தொடங்கிய ‘சிருஷ்டி’, தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் காகிதம் செய்தல், இயற்கைச் சாயம் தோய்த்தல் போன்ற தொழில்களைக் கற்றுத் தருகிறது. மதிக்கத்தக்க பணி. நிறுவனத்தின் நிழலில் நிற்பதால் தன்னார்வ நிதி என்ற வகையில் சேராது.

கல்வி உதவித்தொகை என்ற நேர்வகையில், கேரளத்தில் பெயர் பெற்றது குமாரி சிபுலாலும் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான எஸ்.டி. சிபுலாலும் 1999இல் நிறுவிய சரோஜினி தாமோதரன் அறக்கட்டளையின் ‘வித்யாதன்’. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் அல்லது அதற்கு ஈடான மதிப்பெண், குறைந்த குடும்ப வருமானம், தேர்வு, நேர்காணல் என்று அதன் வழி போகும். தமிழ்நாட்டில் நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010இல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தில் மதிப்பெண்ணோடு வீட்டையும் பார்க்கிறது. தன்னார்வலர்கள் விண்ணப்பித்த மாணவரின் ஊருக்கே போய்ச் சூழலை நேரில் அறிந்து எழுதும் குறிப்பு தேர்வில் எடை பெறுகிறது. அங்கே படித்தவர்களே பின்னர் தன்னார்வலர்களாகத் திரும்பி வருகிறார்கள்.

இவ்விரண்டும் பயனுள்ளவை, ஆனால் தொழிற்கல்விக்கு அப்படியே பொருந்தா. ஏ பிளஸ் வரிசையை வாசலாக வைத்தால் ஐ.டி.ஐ.க்குப் போக வேண்டிய பெண் வாசலிலேயே நின்றுவிடுவாள். கணக்கில் 45 மதிப்பெண் எடுத்து, வீட்டு மிக்சியைத் தானே கழற்றி மாட்டும் பெண்ணை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. நம் உதவித்தொகைகளில் பெரும்பாலானவை டாக்டரையும் என்ஜினீயரையும் உருவாக்கும் ஆசையில் பிறந்தவை. முதலிடம் வந்தவளைத் தத்தெடுப்பதில் கிடைக்கும் பெருமை, நடுவில் நிற்பவளை எலக்ட்ரீஷியன் ஆக்குவதில் கிடைப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

வெளியுலகில் இதற்கு வேறு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் ஐயோவாவில் 1869இல் ஏழு மாணவியர் தொடங்கிய பி.இ.ஓ. என்ற பெண்கள் சங்கம் 1907இல் கல்விக்கடன் நிதியையும், படிப்பு இடையில் நின்ற பெண்கள் திரும்பிப் படிக்க 1973இல் தனி நிதியையும் ஏற்படுத்தியது. விண்ணப்பதாரரைத் தெரிந்த உள்ளூர்க் கிளை பரிந்துரைத்தால்தான் பணம். ஜிம்பாப்வேயில் 1993இல் 32 சிறுமியருக்குப் பள்ளிச் செலவு ஏற்றுத் தொடங்கிய காம்ஃபெட், 1998இல் படிப்பு முடித்த பெண்களின் சங்கத்தை உருவாக்கியது. இன்று அடுத்த தலைமுறை மாணவியருக்குத் துணை நிற்பவர்கள் அவர்களே. இரண்டிலும் பொதுவாக இருப்பது, பெண்ணை அறிந்த உள்ளூர் உறுப்பினர் ஒருவர் இருப்பது.

நிதியை நடத்துவது

எல்லையோரத்தில் ஒரு சிறு குழு இத்தகைய நிதியை நடத்த முனைந்தால் முதல் வேலை பணம் சேர்ப்பதில் இல்லை. பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு ஓராண்டு முன்பே, ஒன்பதாம் வகுப்பிலேயே, சான்றிதழ் வேலை தொடங்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதாரில் பெயர்ப்பிழை, பிறந்த தேதி பொருந்தாமை ஆகியவை வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுகாவுக்கும் நடந்துதான் தீரும். ஓய்வுபெற்ற ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், ஊரில் முதலில் கல்லூரி போன பெண் ஆகியோர் இதற்குத் தோதானவர்கள். நகரத்துத் தன்னார்வலர் இணைய விண்ணப்பம் போடலாம், ஐ.டி.ஐ. முதல்வரோடு பேசலாம்; ஆனால் வில்லேஜ் ஆபீஸர் லீவில் இருக்கிறாரா என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

பணம் தரும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. சேர்க்கைக்கு முன் ஒரு தொகை, பிறகு மாதாமாதம் விடுதிக்கும் பயணத்துக்கும், இறுதியில் தேசியத் தொழிற்சான்றிதழ் கைக்கு வந்ததும் கருவி வாங்க ஒரு தொகை என்று பிரித்துத் தருவது நல்லது. தையல் கற்றவளுக்கு இயந்திரமும், மின்பணி கற்றவளுக்கு மீட்டரும் பிளையர் செட்டும் இல்லாவிட்டால் சான்றிதழ் பீரோவில் கிடக்கும். வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். பெற்றோரை ஒதுக்கிவிட்டுப் பெண்ணிடம் மட்டும் பேசும் குழுக்கள் நீடிப்பது கடினம். அம்மாவை ஒருமுறை விடுதிக்கு அழைத்துப்போய் அறையையும் வார்டனையும் காட்டுவது பத்துக் கூட்டங்களைவிடப் பயன்தரும். பாதியில் நின்றவளைத் திரும்பச் சேர்க்கவும் விதியில் இடம் வேண்டும். கல்யாணம் ஆனதும் பெயரை அடிக்கும் விதி, உதவி மிகத் தேவைப்படும் நேரத்தில் கையை விடுகிறது.

சட்டப் பக்கமும் எல்லையைப் போலவே கோணலானது. சங்கமாகப் பதிவதென்றால் மலபார்ப் பகுதியில் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம், பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியான இடுக்கியில் 1955ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டுத் தமிழர், மலையாளிகளின் பணத்தை நம்புவோர் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தையும் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் படித்தாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால் ஆகும். திருத்தத்துக்குப் பின், அனுமதி பெற்ற ஓர் அமைப்பு அந்தப் பணத்தை வேறோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பணம் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். 1991இல் பெர்க்லியில் தொடங்கிய ஆஷா போன்ற முழுத் தன்னார்வ அமைப்புகள் சிறு கிராமக் குழுக்களுக்கு நிதி அளித்து வந்த உலகில், கைமாற்றத் தடை பெரிய அடி. மலையில் வேலை செய்யும் ஐந்து பேர் குழு தானே அந்த அனுமதியைப் பெற்றுப் பராமரிப்பது நடைமுறையில் நடக்காத காரியம். உள்நாட்டுச் சிறு நன்கொடைகளே அதற்குப் பாதுகாப்பான அடித்தளம்.

தன்னார்வ அமைப்புகளின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. தொடங்கியவர் ஊர் மாறினால், நோயுற்றால், சலித்தால் நிதி நின்றுவிடும். இரண்டாண்டுப் படிப்பின் நடுவில் நின்றால் தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அவள் படிப்பின் முழுக் காலத்துக்குமான தொகை தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இருபது பேருக்கு முதலாண்டுப் பணம் மட்டும் கையில் இருந்தால், பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டும் நடத்துவதே முறை.